அந்தியூர் மழையும் வீட்டுத் தண்ணீரும் - ஒரு சிறு வரலாறு

அந்தியூர் என்றதும் பலருக்கும் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மலையடிவாரத்தில் உள்ள அணையின் பெயர் வரட்டுப்பள்ளம். கொங்கு நாட்டுப் பேச்சில் 'பள்ளம்' என்றால் ஓடை. வருஷத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும் ஓடை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

தெற்கே பவானி ஆறு ஓடுகிறது. கிழக்கே காவிரி ஓடுகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்தும் இந்த ஊர் காலம் காலமாக வானத்தைப் பார்த்தே வாழ்ந்திருக்கிறது. இங்கே மழை எவ்வளவு பெய்கிறது? பெய்த மழை வீட்டு அடுப்படிக்கு எப்படி வந்து சேர்ந்தது? பிறகு ஏன் வராமல் போனது? இதற்குள் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

மலைக்குப் பின்னால் ஒரு நாடு

கொங்கு நாடு ஒரு மழை மறைவுப் பிரதேசம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது காற்று மட்டும்தான் மிச்சம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்கிறதே தவிர, ஆடி மழையைப் பற்றி அப்படி யாரும் பெருமை பேசவில்லை.

வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலில் இருந்து வருகிறது. அது உள்நாட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் பாதி இளைத்துவிடும். ஆகவே ஈரோடு மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மட்டுமே. தமிழ்நாட்டின் சராசரி 900 மி.மீ.க்கு மேல். சித்திரை, வைகாசியில் இடி மின்னலோடு கோடை மழை கொஞ்சம் வரும். புரட்டாசி, ஐப்பசிதான் முக்கியமான மழைக்காலம். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற பழமொழி இந்தப் பக்கத்துக்கென்றே சொன்னது போல இருக்கும். மார்கழி பாதியில் இருந்து சித்திரை வரை நாலு மாதம் வானம் வெறிச்சோடிக் கிடக்கும்.

மழைமானி வருவதற்கு முன்பு விவசாயிகள் மழையை வேறு விதமாக அளந்தார்கள். 'ஓர் உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பார்கள். ஏர் பூட்டி உழுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறதா என்பதுதான் அளவு. மில்லிமீட்டர் தெரியாவிட்டாலும் அந்தக் கணக்கு தப்பாது. மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுத்தார்கள். கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைத்தார்கள். மழை இல்லையென்றால் சோறு இல்லை என்பது அவர்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம்.

ஏரிகளின் சங்கிலி

இந்த மழையைப் பிடித்து வைக்க முன்னோர்கள் செய்த முதல் ஏற்பாடு ஏரிகள். பர்கூர் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வருகிறது. இன்றைக்கு அதை முதலில் வரட்டுப்பள்ளம் அணை பிடித்துக்கொள்கிறது. அணை நிரம்பினால் உபரி நீர் கெட்டிசமுத்திரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து அந்தியூர் பெரிய ஏரி, பிறகு சந்தியபாளையம், பிரம்மதேசம், வேம்பத்தி, ஆப்பக்கூடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகளுக்கு நீர் வந்து, கடைசியில் பவானி ஆற்றில் கலக்கிறது.

கெட்டிசமுத்திரம் என்ற பெயர் கெட்டி முதலிகளை ஞாபகப்படுத்துகிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பெரிதாகக் கட்டி எழுப்பிய அந்தக் குறுநிலத் தலைவர்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியில் செல்வாக்கோடு இருந்தார்கள். 'சமுத்திரம்' என்பது பெரிய ஏரிகளுக்கு வைக்கும் பெயர். கடலைப் பார்க்காத உள்நாட்டில் ஏரிதான் சமுத்திரம்!

இந்த ஏரிகளின் முதல் பயன் பாசனம். இன்னொரு பயனும் உண்டு. ஏரி நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். ஏரி வற்றினால் கிணறும் வற்றும். ஆகவே ஏரி என்பது ஊரின் பொதுத் தண்ணீர்த் தொட்டி என்றே சொல்லலாம்.

கிணறு: தண்ணீரும் தடையும்

கொங்கு நாட்டை ஏரி நாடு என்பதைவிடக் கிணற்று நாடு என்பதே பொருத்தம். கடினமான பாறை நிலம். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறையை உடைத்து அகலமான கிணறுகளை வெட்டினார்கள். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். எஃப். ஏ. நிக்கல்சன் 1887-இல் எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேடு இந்த மாவட்டத்தின் விவசாயத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அப்போது அந்தியூர், கோயமுத்தூர் மாவட்டத்தின் பவானி தாலுகாவைச் சேர்ந்த ஊர். 1979-இல்தான் கோவையில் இருந்து ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிந்தது.

வீட்டுத் தேவைக்குச் சேந்து கிணறுகள் இருந்தன. கயிறும் குடமுமாகப் பெண்கள் தண்ணீர் சேந்திச் சுமந்தார்கள். ஆனால் இதில் இரண்டு பிரச்சினைகள்.

ஒன்று, தண்ணீரின் குணம். பல கிணறுகளில் வருவது உப்புத் தண்ணீர் அல்லது சப்பைத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. 'நல்ல தண்ணி'க் கிணறு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதற்காக வெகுதூரம் நடக்க வேண்டும்.

இரண்டு, கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் கயிறு போட முடியாது. யாராவது மனமிரங்கி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். 1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்றது. தீர்மானம் நிறைவேறிய பிறகும் பல ஊர்களில் கிணற்றடி வழக்கம் அவ்வளவு சுலபமாக மாறவில்லை.

இந்த இரண்டு பிரச்சினையும் இல்லாத தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். அது மழைத் தண்ணீர். அதில் உப்பு இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

கூரையில் விழுந்த தண்ணீர்

வசதியான குடும்பங்கள் தொட்டிக்கட்டு வீடுகளில் வாழ்ந்தன. வீட்டின் நடுவே திறந்த வாசல், அதைச் சுற்றி நாலு பக்கமும் உள்நோக்கிச் சரியும் ஓட்டுக் கூரை. மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் நடுவே கொட்டும். கூரைகள் சேரும் மூலையில்தான் தண்ணீர் தாரையாக விழும். அங்கே அண்டா, குண்டா, தவலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைப்பார்கள். முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்க மாட்டார்கள். ஓட்டில் இருக்கும் தூசும் காக்கை எச்சமும் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகுதான் பாத்திரம் வைப்பார்கள். இன்றைய பொறியியல் புத்தகங்களில் முதல் மழைநீரை வெளியேற்றும் குழாய் என்று படம் போட்டுக் காட்டுவது இதைத்தான்!

நாட்டு ஓட்டுக்குப் பிறகு மங்களூர் ஓடு வந்தது. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அந்த ஓடு மெல்ல மெல்ல ஊர்களுக்குப் பரவியது. அதில் தண்ணீர் இன்னும் சுத்தமாக இறங்கும். இறவாரத்தில் தகரத்தை வளைத்துக் கட்டினால் தண்ணீர் ஒரே இடத்தில் வந்து விழும்.

கூரை வேய்ந்த வீடுகளில் இந்த வசதி இல்லை. ஓலையிலும் புல்லிலும் இறங்கும் தண்ணீர் பழுப்பாக இருக்கும். அது மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும்தான் ஆகும். அவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். நாலு குச்சி நட்டு, வெள்ளை வேட்டியை நாலு முனையிலும் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போடுவார்கள். துணி குழிந்து, மழைத் தண்ணீர் கல்லுக்குக் கீழே வடிந்து குடத்தில் சேரும். கூரையும் வேண்டாம், ஓடும் வேண்டாம். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைப்பது தமிழ்நாடு முழுக்க இருந்த பழக்கம்.

இந்த அமைப்பு கொங்குக்கு மட்டும் உரியதல்ல. பழைய ரோமானிய வீடுகளிலும் கூரை நடுவில் திறந்திருக்கும். கீழே மழைநீர் விழும் தொட்டி, அதற்கும் அடியில் சேமிப்புக் கிடங்கு. குஜராத்தில் போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டின் கீழே மழைநீர்த் தொட்டி இருக்கிறது. ஒருமுறை நிரம்பினால் மாதக்கணக்கில் வரும்.

கொங்கு வீடுகளில் ஏன் அப்படிப்பட்ட நிலத்தடித் தொட்டிகள் பரவவில்லை? காரணம் கிணறுதான். எவ்வளவு சிரமம் என்றாலும் கிணற்றில் ஏதோ ஒரு தண்ணீர் இருந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்தின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆகவே அங்கே தொட்டி கட்டியே ஆக வேண்டும். கொங்கில் அண்டா நிறையப் பிடித்தால் நாலு நாள் பருப்பு வேகும், தலைக்குக் குளிக்கலாம், அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் அருமையானது என்று தெரிந்திருந்தது. ஆனால் அதை நாலு மாதத்துக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் வரவில்லை. இந்த வித்தியாசம் பிற்காலத்தில் பெரிதாகப் பாதித்தது.

தாது வருஷம்

கிணற்றை நம்பலாம் என்ற எண்ணத்துக்கு முதல் அடி 1876-78 பஞ்சம். தமிழில் அது தாது வருஷப் பஞ்சம். இரண்டு பருவமும் பொய்த்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் இறந்தார்கள். கோயமுத்தூர் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தானியம் இல்லாதது ஒரு பக்கம் என்றால், கிணறு வற்றி ஆடுமாடுகள் மடிந்தது இன்னொரு பக்கம்.

பஞ்சத்தில் இருந்து அரசும் மக்களும் கற்ற பாடம், பெரிய அணை கட்ட வேண்டும், ஆழமான கிணறு வெட்ட வேண்டும் என்பதே. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. 1955-இல் பவானிசாகர் அணை வேலை முடிந்தது. அதில் இருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஆற்றின் தென்கரைப் பக்கம் ஓடுகிறது. அந்தியூர் இருப்பது வடகரைப் பக்கம். ஆகவே மலையில் பெய்கிற மழையும் ஏரிகளுமே தொடர்ந்து இந்த ஊருக்குத் துணை.

மோட்டார் வந்தது, கூரை மறந்தது

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவையில் மில்களும் பம்ப்செட் தொழிற்சாலைகளும் பெருகின. கவலை போய் மோட்டார் வந்தது. மாடு இறைத்த காலத்தில் கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது, ஏனென்றால் மாட்டுக்கு ஓய்வு வேண்டும். மோட்டாருக்கு ஓய்வு வேண்டாம். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. விவசாயிகளுக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் கீழே போகப் போக, மக்கள் இன்னும் ஆழமாகத் துளையிட்டார்கள். திறந்த கிணறுகள் வறண்டு குப்பைக் குழிகளாயின. கொங்கு நாட்டில் ஆயிரம் அடி போர் போடுவது இன்று யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

வீடுகளும் மாறின. ஓட்டு வீடு போய் மொட்டை மாடி வந்தது. தெருக்குழாய் வந்தது, பிறகு வீட்டுக்குழாய் வந்தது. குழாய் வந்ததால் பெண்களின் சுமை குறைந்தது, கிணற்றடித் தடையும் ஓரளவு தளர்ந்தது. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கூடவே ஒரு விஷயம் தொலைந்தது. மொட்டை மாடி என்பது ஓட்டுக் கூரையைவிடச் சுலபமாகத் தண்ணீர் பிடிக்கக்கூடிய கூரை. அதில் இருந்து வரும் குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு, குடத்தோடு குழாயடியில் நிற்கும் நிலை வந்தது!

2003-ஆம் ஆண்டுச் சட்டம்

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் தொடர் வறட்சி. சென்னையில் குடிநீர்ப் பஞ்சம். 2003 ஜூலையில் ஜெயலலிதா தலைமையிலான அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நகரப் பகுதிகளில் புதிய கட்டடம், பழைய கட்டடம் என்ற பேதம் இல்லாமல் எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம். அமைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பே அமைத்துச் செலவை வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். இந்தியாவில் ஒரு மாநிலம் இவ்வளவு பரவலாக இதைக் கட்டாயமாக்கியது அதுவே முதல் முறை என்று பேசப்பட்டது.

சுவரெங்கும் விளம்பரம், பள்ளிகளில் ஊர்வலம், ஹார்டுவேர் கடைகளில் பி.வி.சி. குழாய்க்குக் கூட்டம். சில மாதங்களில் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் இறங்கியது. மழைநீரைப் பற்றி ஒரு மாநிலமே பேசியது. அந்தப் பெருமை அந்தச் சட்டத்துக்கு உண்டு.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் அமைந்தது சேமிப்புத் தொட்டி அல்ல. ஜல்லியும் மணலும் கரியும் போட்ட ஒரு குழிதான். தண்ணீர் நிலத்துக்குள் போகும், போர் ஊறும் என்பது எண்ணம். சென்னையின் மணற்பாங்கான பகுதிகளில் இது சீக்கிரம் பலன் தரும். கெட்டிப் பாறை நிலமான கொங்கில் நாலடிக் குழியில் இறங்கும் தண்ணீர், பல நூறு அடிக்குக் கீழே இருக்கும் பாறை வெடிப்புக்குப் போய்ச் சேர வெகுகாலம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் அது யாருடைய போரில் ஊறும் என்று சொல்ல முடியாது. குழி வெட்டியவனுக்குப் பலன் கண்ணில் தெரியாது. கண்ணில் தெரியாததைப் பராமரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் பல குழிகள் மண் மூடிப் போயின.

2016-இல் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது. சட்டம் வந்து 13 வருஷம் கழித்தும் வீடுகளில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், பவானி ஆற்றின் உபரி நீரைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். பல பத்தாண்டுக் கோரிக்கை அது, தேவையானதும்கூட. அங்கேயும் வீட்டுக் கூரையில் விழும் தண்ணீர் பழையபடி தெருவில்தான் ஓடுகிறது.

கொஞ்சம் கணக்கு

உண்மையில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு மழைத் தண்ணீர் கிடைக்கும்? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இது ஒன்றுதான் சூத்திரம்.

- 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர்.
- ஆண்டுக்கு 700 மி.மீ. மழை என்றால் சுமார் 65,000 லிட்டர்.
- ஆவியாவது, சிந்துவது, முதல் மழையைக் கழிப்பது எல்லாம் போக 80 சதவீதம் என்று வைத்தால் 52,000 லிட்டர்.
- 15 லிட்டர் குடத்தில் அது சுமார் 3,400 குடம்!

நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். ஆண்டுக்கு 7,300 லிட்டர். மழை பாதியாகக் குறைந்த வருஷத்திலும் கூரையில் 26,000 லிட்டர் கிடைக்கும். அதாவது தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழையில்லாத அந்த நாலு மாதத்துக்கு, அதாவது 120 நாளுக்கு, தேவை 2,400 லிட்டர்தான். ஒரு 3,000 லிட்டர் தொட்டி போதும். ஐப்பசியில் 5 செ.மீ. மழை ஒரே ஒரு நாள் பெய்தால் அந்த மாடியில் 3,700 லிட்டர் சேரும். தொட்டி ஒரே நாளில் நிரம்பிவிடும். குளிக்க, துவைக்க இது போதாது. அதற்குக் குழாயும் கிணறும் வேண்டும். ஆனால் அடுப்படிக்கும் குடிக்கவும் வேண்டிய நல்ல தண்ணீர் தலைக்கு மேலேயே இருக்கிறது.

தொட்டி வைப்பதில் ஒரு நியாயமான பயம் உண்டு. திறந்த தொட்டியில் கொசு முட்டையிடும், டெங்கு வரும். அது உண்மை. ஆகவே தொட்டி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், குழாய் வாய்களில் கொசுவலை வேண்டும், வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. மழைக்கு முன்பு மாடியைக் கூட்ட வேண்டும். முதல் மழையை வெளியே விட வேண்டும். குடிப்பதற்குக் காய்ச்ச வேண்டும். அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்த பெண்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இலங்கையிலும் 1990-களில் இருந்து பதுளை போன்ற மலைப்பகுதிகளில் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். அங்கே முக்கியத்துவம் குழிக்கு அல்ல, தொட்டிக்கு. தண்ணீர் வீட்டுக்காரர் கண்ணில் தெரியும். தெரிந்தால்தான் பழக்கம் நிலைக்கும்.

முடிவாக

அந்தியூரின் மழை அன்றும் இன்றும் குறைவுதான். ஏரிகளை வெட்டியவர்கள் குறைவான மழையைக் கணக்குப் போட்டே வெட்டினார்கள். வீடுகளில் மட்டும் அந்தக் கணக்கு முழுமையடையவில்லை. முதலில் கிணற்றை நம்பி அண்டாவோடு நின்றுவிட்டது, பிறகு போரையும் குழாயையும் நம்பி அண்டாவும் பரணுக்குப் போனது. 2003 சட்டம் மழையைக் கூரையில் இருந்து தரை வரை கொண்டுவந்தது. தரையில் இருந்து குடத்துக்குக் கொண்டுவரும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

வரட்டுப்பள்ளம் அணை நிரம்பினால் அது செய்தித்தாளில் வருகிறது, ஊரே போய்ப் பார்க்கிறது. அதே மழை ஒவ்வொரு மாடியிலும் பெய்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் ஒரு மூடிய தொட்டியும் பத்தடிக் குழாயும் இருந்தால், தை, மாசியில் ஒரு வீடாவது நல்ல தண்ணிக்கு அலையாமல் இருக்கும்.